வோல்ட்டும் ஆம்பும் அளந்து ஓமும் வாட்டும் கணக்கிடுவது எப்படி? ஒரு கீசரை வைத்து முழு வழிகாட்டி

"தம்பி, காயில் வீக் ஆயிடுச்சாம். புதுசு மாத்தணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீங்களும் ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்."

கும்பகோணம் பக்கத்தில் ஒரு வீட்டு அக்கா சொன்னது இது. 15 லிட்டர் கீசர். பெயர்ப் பலகையில் 2000 வாட், 230 வோல்ட் என்று இருக்கிறது. சாயங்காலம் தண்ணீர் சூடாக ரொம்ப நேரம் பிடிக்கிறது. முன்பு வந்து பார்த்தவர் கிளாம்ப் மீட்டரை (வயரை வெளியே இருந்து கவ்வி ஆம்ப் அளக்கும் கருவி) மாட்டியிருக்கிறார், 7.5 ஆம்ப் காட்டியிருக்கிறது. 8.7 (2000 ÷ 230) இருக்க வேண்டிய இடத்தில் 7.5 தான் இழுக்கிறது, ஆகவே தண்ணீரைச் சூடாக்கும் காயில் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவர் எடுத்த அளவு சரி. தீர்ப்புதான் தவறு. வோல்ட்டை அளக்காமல், பலகையில் எழுதியிருக்கும் 230ஐயே எடுத்துக்கொண்டு விட்டார். 230ஐ 7.5ஆல் வகுத்தால் 30.7 ஓம் வரும். நல்ல காயிலுக்கு 26.5 ஓம் தான் இருக்க வேண்டும் என்பதால், பார்க்கிற யாருக்கும் அது கெட்டுப்போன காயிலாகத்தான் தெரியும். ஒரு அளவை மீட்டரிலிருந்தும் இன்னொரு அளவை அச்சிட்ட காகிதத்திலிருந்தும் எடுத்தால் வரும் விடை எதையுமே சொல்லாது. இரண்டு அளவையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க நான் வலியுறுத்தப் போவது இந்த ஒன்றைத்தான்.

அந்த கீசரையே கையில் எடுத்துக்கொண்டு கணக்கைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நான்கு சொற்கள், இரண்டு சூத்திரங்கள்

பள்ளிப் புத்தகம் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன் என்று சொல்லும். வேலை செய்கிற இடத்தில் வோல்ட், ஆம்ப், ஓம், வாட் என்போம். நான் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)

மின்திறன் (வாட்) = மின்னழுத்தம் × மின்னோட்டம்

மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மற்ற இரண்டு சூத்திரங்கள் இவற்றை ஒன்றுக்குள் ஒன்று பொருத்தினால் தாமாக வந்துவிடும்:

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை

மின்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை

விடை எல்லாவற்றிலும் ஒன்றேதான். ஆனால் எதை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். என் பழக்கம் இது: ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போன்ற சாதனங்களுக்கு வோல்ட்டை வைத்த சூத்திரம், வயர், ஜாயிண்ட், சாக்கெட் போன்றவற்றுக்கு ஆம்பை வைத்த சூத்திரம். வயரின் கணக்கில் 230 வோல்ட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டால் வயரே உருகி ஓட வேண்டும் என்கிற மாதிரி ஒரு எண் வரும். வயரில் விழுவது முழு 230 இல்லை, இரண்டு மூன்று வோல்ட்தான்.

மீட்டரைத் தொடும் முன்

ஈரக் கையோடு இருக்கும் ஆளின் உடல் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்; பலரும் இன்னமும் இஎல்சிபி என்பார்கள்) 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே ட்ரிப் ஆகும்படி அமைத்திருப்பது ஏன் என்று இந்த ஒரு கணக்கிலேயே விளங்கும். அது உங்கள் வீட்டில் இல்லை என்றால் மல்டிமீட்டருக்கு (வோல்ட், ஆம்ப், ஓம் மூன்றையும் அளக்கும் கருவி) முன் அதை வாங்குங்கள்.

போர்டைத் திறந்து உள்ளே அளப்பது லைசென்ஸ் உள்ளவர் வேலை. கீழே சொல்வதெல்லாம் போர்டைத் திறக்காமல் சாக்கெட்டிலேயே எடுக்கக்கூடிய அளவுகள்.

மல்டிமீட்டரில் உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. சிவப்பு லீடை 10 ஆம்ப் துளையில் செருகி எதையோ அளந்துவிட்டு, மாற்ற மறந்து, அப்படியே சாக்கெட்டில் வைப்பது. ஆம்ப் துளைக்குள் இருக்கும் தடை கிட்டத்தட்ட பூச்சியம். சாக்கெட்டின் இரண்டு துளையையும் கம்பியால் இணைத்ததற்குச் சமம். மலிவான மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸ்கூட இருக்காது. கையிலேயே வெடிக்கும். அதனால் வீட்டு மின்சாரத்தில் ஆம்ப் அளக்க மல்டிமீட்டரைப் பயன்படுத்தவே வேண்டாம், கிளாம்ப் மீட்டர் போதும். மல்டிமீட்டரின் சிவப்பு லீடு எப்போதும் வோல்ட் துளையிலேயே இருக்கட்டும்.

ஓம் நிலையில் வைத்து அளப்பது என்றால் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகுதான். சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் சுவிட்சு நியூட்ரலில் மாட்டியிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

முதல் படி: அளப்பதற்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

கிளாம்ப் மீட்டரின் வாயை முழு கேபிளின் மேல் மாட்டினால் பூச்சியம் காட்டும். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். ஒரே ஒரு வயரைத்தான் வாய்க்குள் விட வேண்டும்.

இதற்காக நான் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். ஒரு 16 ஆம்ப் ப்ளக், ஒரு மீட்டர் நீளம் ரெண்டரை ஸ்கொயர் (செம்பின் குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர்) மூன்று கோர் கேபிள், முனையில் இரண்டு 16 ஆம்ப் சாக்கெட் உள்ள பெட்டி. கேபிளின் நடுவில் பத்து சென்டிமீட்டருக்கு வெளி உறையை மட்டும் கவனமாகக் கீறி எடுத்திருக்கிறேன். உள்ளே மூன்று வயரும் தத்தம் இன்சுலேஷனோடு முழுசாக, தனித்தனியாகத் தெரியும். பிளேடு உள் வயரில் லேசாகப் பட்டிருந்தாலும் அந்தக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

கீசரின் ப்ளக் ஒரு சாக்கெட்டில். பக்கத்துச் சாக்கெட்டில் மல்டிமீட்டரின் லீடுகள். நடுவில் பிரித்த இடத்தில் ஃபேஸ் வயரின் மேல் கிளாம்ப். வோல்ட்டும் ஆம்பும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் கிடைத்துவிடும்.

ஒரே நொடியில் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்த கேயார்க் சைமன் ஓம் மேலே பார்த்த முதல் சூத்திரத்தின் விதியைத் தேடியபோது அவரைப் படுத்திய சிக்கலும் இதுதான். அன்றைய ரசாயன மின்கலங்கள் அளந்துகொண்டிருக்கும்போதே வலு குறைந்தன. கடைசியில் அவர் பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின் இரட்டையை (இரு முனைகளின் வெப்பநிலை வேறுபட்டால் மின்னழுத்தம் தரும் உலோக ஜோடி) எடுத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். ஆடாத மின்னழுத்தம் கிடைத்தது. விதியும் கிடைத்தது. 1827இல் புத்தகமாக வெளியிட்டார். ஆரம்பத்தில் சொந்த நாட்டிலேயே மதிப்பில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்லி பதக்கம் கொடுத்தது. நம் வீட்டு லைன் கொதிநீர், பனிக்கட்டி போல நிலையாக நிற்காது. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் இறங்கும். அதனால் நாம் செய்யக்கூடியது இரண்டு மீட்டரையும் ஒரே பார்வையில் படிப்பதுதான்.

இரண்டாம் படி: லோடு இல்லாமல் ஒரு அளவு, லோடோடு ஒரு அளவு

மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட் நிலையில் வையுங்கள். கீசர் அணைந்திருக்கும்போது ஒரு அளவு. பிறகு கீசரைப் போட்டு, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி. கும்பகோணத்து வீட்டில் சாயங்காலம் 7 மணிக்கு எனக்குக் கிடைத்தவை:

கீசர் அணைந்திருக்க: 207 வோல்ட்
கீசர் ஓட: 198 வோல்ட், 7.5 ஆம்ப்

மூன்றாம் படி: காயில் நல்லதா?

மின்தடை = 198 ÷ 7.5 = 26.4 ஓம்

பலகையில் எழுதியிருப்பதிலிருந்து வர வேண்டியது: 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம்

காயில் வாங்கிய நாளில் இருந்ததைப் போலவே இருக்கிறது.

மின்திறன் = 198 × 7.5 = 1485 வாட்

அதாவது 2000இல் 74 சதவீதம்தான். வோல்ட் 14 சதவீதம் குறைந்ததற்கு வாட் 26 சதவீதம் குறைந்துவிட்டது. வோல்ட் குறையும்போது ஆம்பும் கூடவே குறைவதால், இரண்டின் பெருக்கல் இரட்டை அடி வாங்குகிறது. லோ வோல்டேஜில் தண்ணீர் சூடாகாததற்குக் காரணம் இந்த வர்க்கக் கணக்கு.

நேரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4186 ஜூல் வேண்டும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக, 15 × 4186 × 30 = சுமார் 18,84,000 ஜூல் வேண்டும். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். 2000 வாட்டில் 942 நொடி, கிட்டத்தட்ட 16 நிமிடம். 1485 வாட்டில் 1268 நொடி, 21 நிமிடம். "ரொம்ப நேரம் ஆகுது" என்று அந்த அக்கா சொன்னது இந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

பொதுவாக ஒரு காயில் "வீக்" ஆவது மிக அபூர்வம். நிக்ரோம் கம்பி ஒன்று முழுசாக இருக்கும், இல்லையென்றால் அறுந்திருக்கும். அறுந்தால் ஆம்ப் பூச்சியம். உறைக்குள் ஈரம் இறங்கினால் ஆர்சிசிபி ட்ரிப் ஆகும். வெளியே உப்பு படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகத் தாமதமாகும், ஆனாலும் ஓம் பெரிதாக மாறாது. ஆகவே ஆம்ப் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றால், காயிலைச் சந்தேகப்படுவதற்கு முன் வோல்ட்டைப் பாருங்கள்.

சரிபார்க்க இன்னொரு வழி: ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபேஸ், நியூட்ரல் பின்களுக்கு நடுவே ஓம் அளக்கலாம். கீசரின் சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும் (சூடு ஏறியதும் தானாக அணைக்கும் பாகம்) இணைந்திருக்க வேண்டும். முதலில் இரண்டு லீடுகளின் நுனியையும் ஒட்டவைத்துப் பாருங்கள், 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும். அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 26 ஓமில் அது பெரிய விஷயமில்லை, சின்னத் தடைகளை அளக்கும்போது அதுவே கணக்கைக் கெடுத்துவிடும்.

நான்காம் படி: காணாமல் போன வோல்ட் எங்கே?

என்னைப் பொறுத்தவரை இந்த வேலையில் மிக முக்கியமான படி இது. பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மெயின் போர்டுக்குப் பக்கத்தில் உள்ள வேறொரு சாக்கெட்டில் வோல்ட்டை அளந்தேன். அந்த லைனில் வேறு எந்த லோடும் இல்லை என்றால், அங்கே காட்டுவது கிட்டத்தட்ட மெயின் போர்டின் வோல்ட்டேதான். மூன்று ஃபேஸ் வீடு என்றால் அதே ஃபேஸில் உள்ள சாக்கெட்டாகப் பார்த்து அளக்க வேண்டும்.

மெயின் போர்டுப் பக்கம்: 204 வோல்ட்
கீசர் சாக்கெட்: 198 வோல்ட்
வழியில் விழுந்தது: 6 வோல்ட்

கீசர் அணைந்திருந்தபோது இரண்டு இடத்திலும் 207 தான் காட்டியது. மின்னோட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு மோசமான ஜாயிண்ட்டாக இருந்தாலும் வோல்ட் குறையாது. லோடு இல்லாமல் டெஸ்டரையும் மீட்டரையும் வைத்துப் பார்த்துவிட்டு "லைன் நல்லா இருக்கு" என்று சொல்வதில் பயனே இல்லை.

வழியில் இருக்கும் தடை = 6 ÷ 7.5 = 0.8 ஓம்

இது வயரால் வந்ததா, வேறெதனாலா? வயரின் தடையைக் கணக்கிட்டுவிடலாம். செப்பு வயர் 20 டிகிரி வெப்பத்தில், ஒரு கிலோமீட்டருக்கு:

1 ஸ்கொயர்: 18.1 ஓம்
ஒன்றரை ஸ்கொயர்: 12.1 ஓம்
ரெண்டரை ஸ்கொயர்: 7.4 ஓம்
4 ஸ்கொயர்: 4.6 ஓம்

பல இழைகள் கொண்ட ஃப்ளெக்சிபிள் வயரில் இது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் செம்பின் தடை சுமார் 0.4 சதவீதம் ஏறும். சித்திரை வெயிலில் சுவருக்குள் 45 டிகிரி என்றால் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த வீட்டில் ரெண்டரை ஸ்கொயர் வயர், போர்டிலிருந்து குளியலறை வரை 12 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆக 24 மீட்டர். இந்த இரட்டிப்பை மறப்பவர்கள் மிக அதிகம்.

வயரின் தடை = 24 × 7.4 ÷ 1000 = 0.18 ஓம்

இருக்க வேண்டியது 0.18. இருப்பதோ 0.8. மிச்சம் 0.62 ஓம் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. ஆம்ப் சூத்திரத்தை இங்கே எடுப்போம்:

அந்த இடத்தில் உண்டாகும் சூடு = 7.5 × 7.5 × 0.62 = சுமார் 35 வாட்

35 வாட் என்றதும் சின்ன பல்பு அளவுதானே என்று தோன்றும். ரேடியோ கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட் தான். அதைவிட அதிகமான சூடு, சுவருக்குள், பிளாஸ்டிக் பெட்டிக்குள், நகக்கண் அளவு இடத்தில். எம்சிபி இதைக் கண்டுபிடிக்காது. மின்னோட்டம் அளவுக்கு மீறிப் போனால்தான் அது விழும், இங்கே மின்னோட்டம் வழக்கத்தைவிடக் குறைவு. ஆர்சிசிபியும் கண்டுபிடிக்காது, கசிவு இல்லையே. சத்தமில்லாமல் கருகிக்கொண்டே இருக்கும்.

மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்ட் பண்ணிவிட்டு, பரணுக்குக் கீழே இருந்த ஜங்ஷன் பெட்டியைத் திறந்தேன். இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப் பழுப்பாகி, தொட்டதும் அப்பளம் போல நொறுங்கியது. உள்ளே செம்பு கறுத்து, முறுக்கு தளர்ந்திருந்தது. வயரின் இன்சுலேஷன் இரண்டு விரற்கடை அளவுக்கு இறுகிப்போய், மீன் வாடைபோல ஒரு கருகல் நெடி. அந்த நெடி உங்கள் வீட்டு சுவிட்ச் போர்டிலிருந்து எப்போதாவது வந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, திருகு வைத்த கனெக்டர் போட்டு இறுக்கிய பிறகு, போர்டில் 204 இருக்கும்போது சாக்கெட்டில் 202.6. விழுவது 1.4 வோல்ட் மட்டும். வயர் கணக்கு சொன்னதும் அதேதான்.

ஐந்தாம் படி: ஈபி மீட்டரை வைத்துச் சரிபார்ப்பது

கையில் கிளாம்ப் மீட்டரே இல்லாதவர்களுக்கும் இது உதவும். மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுக்கும் என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று போட்ட மீட்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். அதை 3200ஆல் வகுத்தால் ஒரு மினுக்கலுக்கு 1125 ஜூல்.

ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கீசரை மட்டும் ஓடவிட்டு, 36 நொடி எண்ணுங்கள். எண்ணிக்கையை 31.25ஆல் பெருக்கினால் வாட் வந்துவிடும்.

ஜாயிண்ட்டைச் சரிசெய்யும் முன்பே நான் எண்ணியபோது 49 வந்தது. 49 × 31.25 = 1531 வாட். போர்டில் அளந்த 204ஐ 7.5ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1530. சாக்கெட்டில் கிடைத்ததோ 1485. நடுவில் போன 45 வாட்டில் 35 ஜாயிண்ட்டில், 10 வயரில். அத்தனைக்கும் சேர்த்துத்தான் பில் வருகிறது. தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாத பில்லில் மூன்று யூனிட்கூட ஏறாது. பணமாகப் பார்த்தால் சொற்பம். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

கணக்கு ஏமாற்றும் இடங்கள்

மேலே சொன்ன சூத்திரம் கீசர், அயர்ன் பாக்ஸ், கெட்டில், இண்டக்ஷன் அல்லாத காயில் அடுப்பு ஆகியவற்றுக்கு அப்படியே பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

பழைய குண்டு பல்பை எடுங்கள். 60 வாட், 230 வோல்ட். கணக்குப்படி 230 × 230 ÷ 60 = 882 ஓம். கழற்றி வைத்து ஓம் மீட்டரில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவாகத்தான் காட்டும். மீட்டர் கெடவில்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது 2000 டிகிரிக்கு மேல் போகிறது, அந்தச் சூட்டில் தடை பல மடங்கு ஏறிவிடுகிறது. சுவிட்ச் போடும் அந்தக் கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால் மின்னோட்டம் பாய்ந்து வரும். பல்பு பெரும்பாலும் போடும்போதே ஃபியூஸ் ஆவது அதனால்தான். கீசரின் நிக்ரோம் கம்பி இப்படி ஆடாது, சூட்டுக்கும் குளிருக்கும் சில சதவீதம்தான் வித்தியாசம்.

மோட்டாரில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு குதிரைத்திறன் பம்பு 210 வோல்ட்டில் 6.8 ஆம்ப் இழுக்கிறது என்றால் பெருக்கி வருவது 1428. அது வாட் இல்லை, வோல்ட் ஆம்பியர். மோட்டாரின் சுருளில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கி நடப்பதால், பவர் ஃபேக்டரால் (அந்தப் பெருக்கலில் உண்மையில் வாட்டாகும் பங்கு) பெருக்க வேண்டும். அது 0.8 என்றால் 1142 வாட். மீட்டரில் ஏறுவது அதுதான். 210ஐ 6.8ஆல் வகுத்தால் 31 ஓம் வருமே, அதைச் சுருளின் தடை என்று எண்ணிவிடாதீர்கள். ஓம் மீட்டரில் சுருள் சில ஓம்தான் காட்டும். அது சரியானதே.

லோ வோல்டேஜில் கீசர் குறைவாக இழுக்கும் என்று பார்த்தோம். லோடோடு ஓடும் மோட்டார் நேர்மாறு. தண்ணீரைத் தூக்க வேண்டிய வேலை அப்படியே இருப்பதால், வோல்ட் குறையக் குறைய ஆம்ப் கூடும். சுருளில் சூடு ஆம்பின் வர்க்கமாக ஏறும். கோடையில் பம்புசெட் காயில் கருகும் கதைகளில் பாதிக்கு மேல் இதுதான் நடக்கிறது. செல்போன் சார்ஜர், கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி எல்லாமும் வோல்ட் குறைந்தால் ஆம்பைக் கூட்டிக்கொள்ளும் ரகம்தான்.

மலிவான 9 வாட் எல்இடி பல்பில் கிளாம்ப் மாட்டிப் பெருக்கினால் 18 வரக்கூடும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். பவர் ஃபேக்டர் 0.5 உள்ள பல்பு அப்படித்தான் காட்டும்.

அவ்வளவு சின்ன மின்னோட்டத்தை கிளாம்ப் மீட்டர் சரியாகப் படிக்காது என்பதும் சேர்ந்துகொள்ளும். அதற்கு ஒரு உபாயம் உண்டு: ஃபேஸ் வயரை கிளாம்ப்பின் வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றி, காட்டும் எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

பேட்டரியில் பழகிப் பார்க்க

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க 230 வோல்ட் வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி, ஒரு வெள்ளை எல்இடி, ஒரு ரெசிஸ்டர் போதும். எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், 20 மில்லி ஆம்பியர் ஓடலாம். மிச்சம் 9 வோல்ட் ரெசிஸ்டரில் விழ வேண்டும். 9 ÷ 0.02 = 450 ஓம். கடையில் கிடைப்பது 470. அதைப் போட்டால் 9 ÷ 470 = 0.019 ஆம்ப், அதாவது 19 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் உண்டாகும் சூடு 9 × 0.019 = 0.17 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் விரலை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். மில்லி ஆம்பியரை ஆம்பியராக மாற்றாமல் வகுத்தால் விடை ஆயிரம் மடங்கு பிசகும். எல்லாருக்கும் முதலில் சறுக்கும் இடம் அது.

12 வோல்ட் சோலார் விளக்கு மாட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 230 வோல்ட்டில் 6 வோல்ட் வழியில் விழுந்தால் கீசர் கொஞ்சம் மெதுவாகும். 12 வோல்ட்டில் அதே 6 விழுந்தால் பாதி போச்சு. அதனால்தான் அங்கே வயர் தடிமனாகவும் நீளம் குறைவாகவும் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: எழுதி வைப்பது

தேதி, நேரம், அளந்த இடம், வோல்ட், ஆம்ப், வகுத்து வந்த ஓம், பெருக்கி வந்த வாட். ஒரு வரி போதும். ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது ஓம் அதேபோல் இருந்தால் சாதனம் நல்லது. போர்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே விழும் வோல்ட் ஏறியிருந்தால் ஏதோ ஒரு திருகு தளர்கிறது.

அந்த அக்காவிடம் மறுநாள் விடியற்காலை, தெருவில் யாரும் மோட்டார் போடாத நேரத்தில், ஒரு முறை அளந்து பார்க்கச் சொல்லி மீட்டர்களை விட்டுவிட்டு வந்தேன். கீசர் ஓட ஓட, பெட்டியின் பக்கத்துச் சாக்கெட்டில் எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்திருந்தேன். காலை 5:30க்கு போன்.

"தம்பி, 228 காட்டுது. இன்னொண்ணுல 8.6. வகுத்தா இருபத்தாறரை வருது. அப்ப காயில் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்குக்கா. பெருக்கிப் பாருங்க."

கொஞ்ச நேரம் பேனா ஓடும் சத்தம். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது."